லிஃப்ட் போட்ட சத்தத்துக்கு என்ன பெயர்

மார்ச் 3, திங்கள்

மேலாளர் கூப்பிட்டு, போன மாதம் நான் எழுதிய ஆய்வுப் படிவத்தை மேசைமேல் போட்டார். ‘சத்தத்தின் வகை’ என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் எழுதியிருந்தேன்: சவுண்ட். பன்னிரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். எல்லா லிஃப்டுக்கும் அதையேதான் எழுதிவந்திருக்கிறேன்.

அந்தப் படிவத்தில் இருந்த லிஃப்ட் வெள்ளிக்கிழமை இரண்டு மாடிகளுக்கு நடுவில் தூக்கிப்போட்டு நின்றுவிட்டது. உள்ளே இருந்த தையல்காரம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

“என்ன சத்தம்னு எழுதியிருந்தா தலைமை ஆபீஸ்ல அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பாங்களேம்மா” என்றார் மேலாளர்.

எனக்குக் கேட்டதே! கறகறவென்று, கல்லைக் கடிப்பதுபோல. காதுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. தலைமைப் பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. லிஃப்டை நிறுத்தும் அதிகாரமோ அவர் ஒருவருக்குத்தான்.

மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு. தேறாவிட்டால் கிடங்கு வேலை. போகமாட்டேன்.

மார்ச் 4

அகராதி வாங்கினேன். கறகறவுக்கு ‘க்ரைண்ட்’ ஆக இருக்குமோ என்று பார்த்தால், ‘அரைத்தல்’ என்று போட்டிருக்கிறது. லிஃப்ட் என்ன, மாவா அரைக்கிறது?

மார்ச் 8, சனி

அண்ணியோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. குளியலறைத் துண்டை யார் நனைத்தது என்று ஆரம்பித்த சண்டை. அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. காய்ச்சலில் காது போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஒலியை அணைத்துவிட்டு ஆங்கிலப் படமாகப் பார்ப்பார். வசனமும் சத்தங்களும் திரையின் அடியில் எழுத்தாக ஓடும்.

இன்று பின்னால் நின்று பார்த்தேன். கதவு திறக்கிறது, கீழே ‘க்ரீக்’ என்று வருகிறது. பாம்பு சீறுகிறது, ‘ஹிஸ்’. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் என் பாடப்புத்தகம் என் கூடத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

வெட்கத்தை விட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும் அவருக்கு.

“அண்ணி, இந்தச் சத்தத்துக்கெல்லாம் ஸ்பெல்லிங் தெரியுமா?”

“ஸ்பெல்லிங் எல்லாம் தெரியும். சத்தம்தான் மறந்துபோச்சு” என்றார். பிறகு, “நீ சொல்லு, நான் எழுதித் தர்றேன்.”

மார்ச் 13, வியாழன்

நோட்டில் இருபத்தாறு சொற்கள். க்ரைண்ட், கறகறவேதான்; மாவுக்கு மட்டுமில்லையாம். ரேட்டில், கடகட. தட், தொப். ஸ்க்ரீச், கிறீச். வூஷ், விர்ரென்று காற்றைக் கிழித்துப் போவது. நான் வாயால் சத்தம் போட, அண்ணி என் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். ‘ஸிப்’புக்கு நான் கையைச் சர்ரென்று வீசியதில் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது. வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?” என்றார்.

அப்புறம் ஒரு சொல் வந்தது: லர்ச். அதற்குச் சத்தமே கிடையாதாம். திடீரென்று உடம்பையே தூக்கிப்போடுகிற ஒரு குலுக்கல்.

“அந்த டெய்லரம்மா விழுந்தாங்கன்னியே, அதுதான்” என்றார் அண்ணி.

அதற்குமேல் எழுத ஓடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் துணியை மடித்துக்கொண்டிருந்தார். என்ன பேசலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததை எல்லாம் மறந்துவிட்டேன்.

“சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. எழுதத்தான் தெரியல.”

மடித்த துணியை ஓரமாக வைத்தார். “எனக்கும்தான் கேட்டுச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம தினமும் ஏறிட்டே இருந்தேன்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். இன்று பத்துச் சொல்.

மார்ச் 28

தேர்வு. மூன்று கேள்வி விட்டுப்போனது. மற்றதெல்லாம் எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்

மருத்துவமனைக் கட்டிடம், மூன்றாவது லிஃப்ட். நான்காம் மாடியைத் தாண்டும்போது அதே கறகற, கூடவே ஒரு சின்னக் குலுக்கல். படிவத்தில் எழுதினேன்: க்ரைண்ட், பிறகு லர்ச், நான்காம் மாடி. ஒரு எழுத்துக்கூட அடிக்காமல். போனில் படம் பிடித்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினேன்.

பதினோரு நிமிடத்தில் தலைமைப் பொறியாளரே போனில் வந்தார். உடனே நிறுத்து.

நிறுத்தினேன். கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. கைத்தடி வைத்திருந்த பெரியவர் ஒருவர், “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று சீறினார். இல்லை ஐயா. இதுதான் என் வேலை. நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன்.

மேலே மோட்டாரைப் பிரித்தோம். சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் இரண்டாகப் பிளந்திருந்தது. கூட வந்த மேலாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிடங்குக்கு வேற ஆள் பார்த்தாச்சும்மா” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. பெரியவர் இன்னும் அங்கேயே இருந்தார். கதவு திறந்தும் தயங்கினார்.

“ஏறலாமா?”

“வாங்க, நானும் வர்றேன்.”

ஐந்தாம் மாடி வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.