உள்ளே கட்டிய ஏணை

திருச்சி,
10-2-1946

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் தங்கச்சி செவந்தியும் சுகம். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அது பொய். கடைசிப் பிரசவத்திலிருந்து பதினொரு வருஷமாக, இருமினாலும் சிரித்தாலும் குடம் தூக்கினாலும் எனக்குச் சிறுநீர் கசிகிறது. மகளுக்குத் தாலி கட்டிய நேரம் நான் பின்கட்டில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். "நெஞ்சழுத்தக்காரி" என்றீர்கள். சொல்ல வெட்கமாக இருந்தது.

மூத்திரப் பைக்குக் கீழே, பிள்ளைக்குச் சேலையில் கட்டும் ஏணை போல ஒரு பட்டை கட்டித் தாங்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பட்டு நூலில் கட்டலாம். பதப்படுத்திய மாட்டுச் சவ்விலும் கட்டலாம். இல்லையென்றால் என் வயிற்றிலிருந்தே சவ்வை உரித்து எடுக்கலாம். அதற்குக் காயம் பெரிது, மூன்று வாரம் படுக்கை. "மாட்டுச் சவ்வா? அத்தான் கேட்டா வெளக்கமாத்த எடுத்துருவாங்க!" என்கிறாள் செவந்தி.

உங்கள் யோசனையை எழுதுங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ராசாத்தி


குன்றாண்டார்கோவில்,
14-2-1946

என் ராசாத்திக்கு,

கோபம் இருக்கிறது, என் மேல். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, வகுப்பில் ஒரு பிள்ளை நெளிந்தாலே ஒன்றுக்குப் போய்வரச் சொல்லி வெளியே அனுப்பியவன் நான். வீட்டில் கண் தெரியவில்லை. நான் வேடிக்கை பேசினால் நீ எழுந்து போவாயே, அது என் வேடிக்கைக்கு நீ போட்ட மார்க் என்றல்லவா நினைத்தேன்!

மாட்டுச் சவ்வுக்குச் சாமி கோபிக்காது. நீ குணமானால் போதும். ஆனாலும் யோசித்தேன். வாளியை மெல்லிய நூலில் தூக்கினால் விரல் அறுகிறது, அகலத் துணியில் தூக்கினால் அறுவதில்லை. பட்டும் உள்ளே அப்படி அறுத்துவிடுமோ? வேறு உடம்பின் சவ்வு நாளடைவில் கரைந்துவிட்டால்? உன்னுடையது என்றால், கொடியை அதே மண்ணில் பதியம் போடுகிற மாதிரி. ஆனால் வலி உன்னுடையது, முடிவும் உன்னுடையதே.

இத்தனை வருஷம் ஒரு சொல் சொல்லாமல் குடும்பத்தை நடத்தியிருக்கிறாய். எனக்குத் தலைவலி வந்தால் ஊருக்கே தெரியும்.

சிவசாமி


திருச்சி,
16-3-1946

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே, என் சவ்வே போதும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் வாளி உதாரணத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க வீட்டுக்காரர் கையில கத்தியக் குடுத்துரலாம் போலயே" என்றார்.

அந்த அம்மாளின் கை! வயிற்றுச் சவ்வில் விரல் அகலத்துக்கு இரண்டு பட்டை உரித்து, ஒரு நுனி அறாமல் கீழே இறக்கி, இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். நடுவில் காயம் சீழ் பிடித்தது. பயந்துபோனேன். உங்களுக்கு எழுதவில்லை, மன்னியுங்கள்.

நேற்று, மூத்திரம் போக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டு, நிற்கவைத்து, "இருமுங்க" என்றார். இருமினேன். "இன்னும் பலமா." பக்கத்துக் கட்டில் இருளாயி அக்கா, "விடாத ஆத்தா, ஊரே கேக்கட்டும்!" என்று கத்தினாள். சேலை நனையவில்லை.

எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டேன். "தெரியாதும்மா, போகப் போகப் பாப்போம்" என்றார். அப்படிச் சொன்னதால் அவர்மேல் மதிப்பு இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை அனுப்புகிறார்கள். நீங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வர வேண்டாம். புதுக்கோட்டை வரைக்கும் நடுவில் எங்கேயும் நிற்காத பஸ்ஸாகப் பார்த்து ஏறப்போகிறேன்.

ராசாத்தி