ஃபிரிட்ஜ் முன்னால் கிடக்கும் செருப்பு

என் மகனுக்கு,

எழுதுவது உன் மகள், சொல்வது நான். எலக்ட்ரீசியன் பயிற்சியை நிறுத்தி இவளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன்.

"ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குதுடா" என்று உன் அம்மா சொன்னபோது, "வயசானா நரம்பு அப்படித்தாம்மா" என்று சிரித்தாய். கடைசிவரை அவள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் அதைத் திறந்தாள்.

நேற்று இவள் அந்த ஃபிரிட்ஜின் பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தாள். வயரிங் செய்ய நீ கூட்டிவந்த ஆள், கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரை எதிலும் சேர்க்காமல் உள்ளே சுருட்டி வைத்திருக்கிறான்.

"பாட்டி நரம்பு நல்லாத்தான் இருந்திருக்கு தாத்தா, சுவத்துலதான் நரம்பு அறுந்து கிடக்கு."

சேர்த்தாள், மீட்டர் வைத்துச் சோதித்தாள். நான் வெறுங்காலோடு திறந்தேன். ஒன்றும் செய்யவில்லை.

செருப்பு மட்டும் அங்கேயே கிடக்கிறது, நான்தான் எடுக்க விடவில்லை. பெண்பிள்ளைக்குக் கரண்ட் வேலை எதற்கு என்றாயே, அதை அந்தச் செருப்பு முன்னால் வந்து நின்று கேள்.

உன் அப்பன்