வாங்காமல் விட்ட தொப்பி

அன்பு மகள் மியோகோவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி கிப்பேயும் சுகமாக இருக்கிறோம், சலவைக் கடையில் பழைய இஸ்திரி மெஷின் மட்டும் காலையில் எழுந்திருக்க அடம்பிடிக்கிறது. பெர்கனில் மழை கொஞ்சமாவது விட்டதா, மீன் கம்பெனியில் உன் மேலதிகாரி வாயைக் குறைத்தாரா என்று தெரிந்தால் நிம்மதி. புது அரிசி வந்துவிட்டது, உன் பங்கை அம்மா தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். தம்பி விஷயம் உனக்கு அன்றைக்கே போனில் வந்திருக்கும், பேப்பரில் வந்த படத்தையும் பார்த்துவிட்டாய். வாழ்த்துச் சொன்ன கையோடு, அவன் தலையில் இருக்கிற தொப்பி ஏன் ஊறுகாய்ப் பானையிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தாய் பார், அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவிடம் கேட்டால் அவள் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள், அதில் என் மானம் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

பல் முளைத்த காலத்திலிருந்து நான் நாரைகள் அணியின் ஆள் என்பது உனக்குத் தெரியும். நாரைகள் கோப்பை வென்றதைவிட எனக்குப் பல் விழுந்தது அதிகம், அது வேறு கதை. இந்த ஊரிலேயே சுறாக்கள் அணிக்குக் கொடி பிடிக்கிற ஒரே மனிதன் நம் முடிவெட்டுகிற ஒனோதெரா என்பதும் தெரியும். பேஸ்பால் அணிகள் புதுப் பையன்களைப் பேர் சொல்லி எடுக்கிற நாள் நெருங்கிவிட்டால் அவன் கடை சட்டசபையாகிவிடும். துணி வெளுக்கிறவனுக்கும் முடி வெட்டுகிறவனுக்கும் இதில் என்ன தெரியும் என்று கேட்காதே, ஒன்றும் தெரியாததால்தான் எங்களால் இவ்வளவு நேரம் பேச முடிகிறது. இந்த வருஷம், குந்தியபடி பந்து பிடிக்கிற கேட்சர் என்று கிப்பேயும் பேர் கொடுத்திருந்தான் இல்லையா, அதனால் கடைக்கு வந்தவர்களெல்லாம் மரியாதைக்காக, "அண்ணே, நம்ம நாரைங்க கிப்பேயத்தான் எடுக்கணும், உள்ளூர்ப் புள்ள" என்று ஆரம்பித்தார்கள். நான் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எதுக்கு? கேட்சர்னு ஏற்கெனவே மூணு பேர் குந்திக்கிட்டிருக்கான். நாலாவதா ஒருத்தன் குந்தணுமா? நமக்கு வேண்டியது இடது கையால எறியற பையன். வடக்க காலேஜ்ல குவபாரான்னு ஒருத்தன் இருக்கான், அவனை எடுக்கணும்" என்றேன். பெற்ற பிள்ளையாயிற்றே என்று ஒருவர் இழுத்தார். "புள்ள வேற, அணி வேற. கிப்பே ரெண்டாவது பேஸுக்கு எறியற பந்து போய்ச் சேர்றதுக்குள்ள, எதிரணியில ஓடி வந்தவன் அங்க டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பான்" என்றேன். கடையே சிரித்தது. நாலு பேர் சிரித்தால் உன் அப்பாவுக்கு வாய் நிற்காது என்பதும் உனக்குத் தெரியும். ஒனோதெரா மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை என் கழுத்தில் வைத்தபடியே நிறுத்தி, "டேய் தொகுஜி, உன் புள்ளைய எங்க சுறாதான் எடுக்கப் போவுது. அன்னிக்கு நீ மூஞ்சிய எங்க வச்சுக்கிறேன்னு பாக்கிறேன்" என்றான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் புத்தி. நான், "சுறா எடுத்தா அவன் சோத்துக்கு வேற வீடு பாத்துக்கட்டும்" என்றேன்.

மழித்த முகத்தோடு நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. நாலு கிண்ணம் சோறு சாப்பிடுகிற கிப்பே ஒன்றோடு எழுந்து போனான். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அம்மா பாத்திரத்தைப் போட்ட போட்டில் பூனை ஓடிவிட்டது. "ஊர்ல நியாயஸ்தன்னு பேர் வாங்க உங்களுக்கு எம்புள்ளதான் கெடச்சானா" என்றாள். அன்றிலிருந்து தம்பி என்னிடம் பேசினான், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொன்னது என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்து, உப்பை எடு, கதவைச் சாத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அவன் பள்ளிப் பயிற்சியாளர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எந்த அணி பையன் பேரைச் சொல்லுமோ தெரியாது, சொன்னதும் அந்த அணியின் தொப்பியைப் போட்டு படம் எடுக்க வேண்டும், அதனால் பன்னிரண்டு அணிக்கும் ஒவ்வொரு தொப்பி வாங்கி வையுங்கள் என்றார். நான் பதினொன்று வாங்கினேன். பன்னிரண்டாவதை நோக்கிக் கை நீண்டது, நிஜமாகத்தான் சொல்கிறேன், ஆனால் அதுவாகவே திரும்பி வந்துவிட்டது. அந்தச் சுறாவை என் பணத்தில் என் வீட்டு வாசலைத் தாண்ட விடுவதா? எப்படியும் அவர்கள் கூப்பிடப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பையை நானே கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. வெள்ளைத் துணி போட்ட மேசைக்குப் பின்னால் தம்பி முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்குக் கூட்டாளிப் பையன்கள் பின்னால் தயாராக நின்றார்கள். எல்லோரும் டிவியைப் பார்த்தபடி இருந்தோம். ஒனோதெரா தன் பாழாய்ப்போன சுறாத் தொப்பியோடு எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தான். முதல் சுற்றில் நாரைகள் நான் சொன்ன மாதிரியே குவபாரா பேரைச் சொன்னார்கள், இன்னும் இரண்டு அணிகளும் அவனையே கேட்டன, அதனால் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. இடது கைக்காரனை இடது கையால்தான் எடுக்க வேண்டும் என்று நான் கடையில் சொல்லியிருந்தேன். எங்கள் நாரைகள் மேனேஜரும் இடது கையைத்தான் பெட்டிக்குள் விட்டார். வெற்றுச் சீட்டு வந்தது. சரி, போகட்டும், வேறு பந்தெறிகிறவனை எடுப்பார்கள் என்று பார்த்தால், மகளே, தெற்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு கேட்சரை எடுத்தார்கள். கேட்சரை! என் காலுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, எழுந்து நின்றுவிட்டேன். தலைமை ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து, "அடேய், கேட்சர்தான் வேணும்னா எம்புள்ள இங்க உக்காந்திருக்கான்டா! இவன் கையில என்னடா கொறச்சல்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். பின்னாலிருந்து ஒனோதெரா, "ஏற்கெனவே மூணு பேர் குந்திக்கிட்டிருக்கான்னு யாரோ சொன்னாங்க" என்றான். ஆனால் கிப்பே திரும்பினான். அன்றைய சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

அப்புறம் ஒரே காத்திருப்பு. ஒவ்வொரு சுற்றும் யார் யார் பேரோ வந்தது. ஒரு நிருபர் கேமராக் காலை மடக்க ஆரம்பித்தார். பேர் வந்தால் கொடுக்க அம்மா சிவப்புப் பயறுச் சோறு சமைத்து, வராவிட்டால் யாருக்கும் தெரியக்கூடாதென்று வண்டியில் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள், எனக்கே தெரியாது. ஐந்தாவது சுற்றில் சுறாக்கள் அணியின் முறை. ஹதனாகா கிப்பே, கேட்சர் என்றது டிவி. ஒரே கூச்சல். பயிற்சியாளர் பையைத் திறந்து கிளறினார், மறுபடி கிளறினார், பிறகு காய்கறிக் கடை மாதிரி எல்லாத் தொப்பியையும் மேசையில் பரப்பினார். சுறா எங்கே என்று என்னைக் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். விஷயம் அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையின் சுருக்கத்தை எந்த இஸ்திரியாலும் எடுக்க முடியாது.

ஒனோதெரா எழுந்து தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். சுறாக்கள் கோப்பை வென்ற வருஷத்திலிருந்து அதிர்ஷ்டம் போய்விடும் என்று துவைக்காத தொப்பி. அதில் வியர்வை எது, தலை எண்ணெய் எது, பவுடர் எது என்று தொழில்காரன் என்பதால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அதை அவன் தம்பியிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டி, "கேளு" என்றான். கொடு என்றேன். "இப்பிடியா கேப்பாங்க? நல்லாக் கேளு" என்றான். ஊர் பார்க்க இடுப்பு வளையக் குனிந்து, "ஒனோதெரா, எம்புள்ளைக்கு உன் தொப்பியக் குடுப்பா" என்றேன். "நீயே வச்சு விடு" என்று கையில் கொடுத்தான். வைத்துவிட்டேன். காது வரை இறங்கியது. அதற்குள்ளிருந்து கிப்பே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பா, சோத்துக்கு நான் வேற வீடு பாக்கணுமா?" என்றான். தொப்பியில் இருந்த சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நிருபரிடம் சொன்னேன். அந்தத் தொப்பி சோப்பையே பார்த்ததில்லை என்பது ஒனோதெராவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அதிர்ஷ்டம் வந்து சேர்ந்துவிட்டது, இனிமேல் துவைக்கலாம் என்று அவனே கொண்டுவந்து கொடுத்தான். கையால் துவைத்து, உருக்குலையாமல் கவிழ்த்த பானைமேல் காயப்போட்டிருக்கிறேன். சாயம் போனால் காதை வெட்டிவிடுவேன் என்று அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிறான். தம்பி நாலு கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டான், புது வருஷம் கழிந்ததும் சுறாக்கள் விடுதிக்குப் போகிறான்.

நீ குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. மீன் கம்பெனியில் இருந்துகொண்டு ரொட்டியை மட்டும் தின்னாதே. உடம்பும் மனசும் நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு அம்மாவும் நானும் தினமும் கும்பிடுகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. புது வருஷத்துக்கு வரும்போது இங்கே இறங்குகிற விமான நிலையக் கடையில் சுறாக்கள் தொப்பி ஒன்று வாங்கி வா, என் பெரிய தலைக்கு. இந்த ஊரில் நான் போய் வாங்கினால் ஒனோதெராவுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹதனாகா தொகுஜி
(இன்னும் நாரைகள் ஆள்தான். ஆனால் அந்தக் கேட்சர் விஷயத்தில் அவர்களை மன்னிப்பதாக இல்லை.)