இரண்டு தடவை விதைத்த நிலம்

நாகலாபுரம்,
கார்த்திகை 12.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா பெருமாள்சாமி எழுதிக்கொண்டது. சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் இங்கே நானும் வெள்ளாடு ரெண்டும் சுகம், அங்கே படிக்கப் போன அந்த வெளிநாட்டுக் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டா ம் போடுததைத் தவிர ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க என்று ஞாயிற்றுக்கிழமை கோபித்துக்கொண்டாய். உண்மைதான், வாயைத் திறந்தால் அது ஒன்றுதான் வருகிறது. பேனாவைப் பிடித்தால் ரெண்டு வார்த்தை கூட வரும் என்று நினைத்து, விதைக்கடையில் கொடுத்த டைரியில் தாள் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்பிவிடுவேன், எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

நான் சாப்பிடுகிறேனா என்றுதான் முதலில் கேட்பாய். உன் சீனித்தாய் அத்தை மத்தியானம் தவறாமல் தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிடுகிறாள், சோறு நானே வடித்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு நாள் உப்பு சரியா இருக்கா என்று கேட்டாள், இருக்கு என்றேன். மறுநாள் வந்து, ஏலே நான் நேத்து உப்பே போடலையே, எப்படித்தான் தின்னே என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா கண்ணில் தண்ணீரைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வரவில்லை. ஆவணியில் உன் அம்மா போனதில் இருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, ஒரு வலியும் தெரியவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் இல்லையா, அந்த மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடக்கிறேன். எழுந்து நடந்தால்தான் சுருக்கென்று குத்தும், நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மேற்குக் காட்டில் ஒரு கூத்து நடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. நம் கரிசலில் மழைக்கு முந்தியே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு உழுது மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதானே வழக்கம். புரட்டாசி கடைசியில் செண்பகராஜ் டிராக்டரைக் கூட்டிக்கொண்டு போய் உளுந்து போட்டு மூடியாயிற்று. பத்து நாள் கழித்து, மழை பெய்யாவிட்டால் திரும்ப விதைக்க என்று உன் அம்மா தானியக் குலுக்கையில் ஒதுக்கி வைத்திருந்த விதை இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போய் விடிந்ததும் முதல் தடவை போல விதைக்க ஆரம்பித்துவிட்டேன். பாதிக் காடு விதைத்துவிட்டு, உழவுக்கு வரச்சொல்லி செண்பகராஜுக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி, அது நாந்தானே உழுதேன், விதைச்சாச்சே, நீங்க இப்ப எங்கன நிக்கீங்க, அங்கனயே நில்லுங்க நான் வாரேன் என்றான். புழுதியில் விதைத்த நிலத்துக்கும் விதைக்காத நிலத்துக்கும் பார்க்க ஒரு வித்தியாசமும் கிடையாது, அதனால்தான் தப்பு நடந்தது என்று அவனிடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மேலே கிடந்த விதையை உழுது மூடிவிட்டு, பைக்கில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. இப்போது மேற்குப் பாதி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, கிழக்குப் பாதி அளவாக நிற்கிறது. பக்கத்துக் காட்டுக் கருத்தப்பாண்டி வரப்பில் நின்று, நெருக்கத்தைக் கலைச்சு விடு, இல்லாட்டி ரெண்டும் காய்க்காது என்கிறார். தினமும் போகிறேன், பிடுங்குவதற்குக் குனிகிறேன், எது முதலில் போட்டது எது பிறகு போட்டது என்று தெரியாமல் நிமிர்ந்து வந்துவிடுகிறேன்.

இப்போது உன் விஷயம். தை பத்தாம் தேதி டிக்கெட்டை மாற்றி மார்கழி பிறக்கும்முன்னே வந்துவிடுகிறேன், பாடம் எல்லாம் முடிந்துவிட்டது, கடைசி அறிக்கையை ஊரில் இருந்தே அனுப்பிக்கொள்ளலாம் என்றாய். நான் வராதே என்றேன். அன்னைக்கும் வராதன்னு சொன்னீங்க, இன்னைக்கும் வராதன்னு சொல்லுதீங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். அந்த வார்த்தை மட்டும் என்னவோ செய்தது. உன் அம்மாவை ஐஸ் பெட்டியில் ரெண்டு நாள் வைத்தால் மகள் வந்து முகம் பார்த்துவிடும் என்று அன்றைக்கு எல்லோரும்தான் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். மார்கழி மாதத்தில் தண்ணீர்க் குடத்தைத் தொடவே யோசிக்கிறவளை அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை, நீ தப்பு என்று சொன்னால் தப்புதான்.

ஆனால் இருக்கிற எட்டு வாரத்தை வீணாக்காதே. இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் கிடையாது, அதனால் பண்டிகைக்கு வந்து சேர வேண்டும் என்ற அவசரமும் இல்லை. அறிக்கையை உன் பேராசிரியர் முன்னாலேயே நின்று வாசி, நன்றியை நேரில் சொல், ஈமெயிலில் சொன்னால் அது சொன்ன மாதிரி ஆகாது. கூடத் தங்கியிருந்த பிள்ளைகளோடு முகம் கொடுத்துப் பேசு, ஆவணியில் உன்னை ஒரு வாரம் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். பெட்டி நிறைய சாமான் வாங்கி அடைக்காதே. அப்புறம், மலைக்கு அந்தப் பக்கம் அணைக்கட்டு பார்க்க நாலு நாள் கூட்டிப்போகிறார்கள், நான் பேர் கொடுக்கவில்லை என்றாயே, போய்ப் பேர் கொடு. தண்ணி கொட்டுத ஊருல போயி தண்ணியைப் பத்திப் படிக்குதா எம் மக என்று உன் அம்மா பஸ்ஸில் எல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். அவள் போன் பேசும்போதெல்லாம் அந்த ஊரு மண்ணு என்ன நெறம் என்று கேட்பாள், நீ சிரித்துக்கொண்டே இங்கே எல்லாம் புல்லும் கல்லும்தான், மண்ணையே பார்க்க முடியலம்மா என்பாய். நீ போய்ப் பதினோரு மாதமாகியும் கிடைக்காமல் போன பதில் அது. அணைக்கட்டுக்குப் போகிற வழியில் எங்கேயாவது உழுத நிலம் இருக்கத்தானே செய்யும். இறங்கி ஒரு கை அள்ளிப் பார், ஒட்டுகிறதா உதிர்கிறதா என்று பார், நிறத்தை எழுதி எனக்கு அனுப்பு.

இவ்வளவும் உன் நன்மைக்குத்தான் சொல்லுகிறேன் என்று முடித்துவிடலாம், பாதி அப்படித்தான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் நீ என்னிடம் கோபித்தது சரி என்று ஆகிவிடும். நீ வருவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. இப்போது நீயும் இங்கே இல்லை, அவளும் இல்லை, ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயோ போயிருக்கிறீர்கள் என்கிற மாதிரி ஒரு நினைப்பில் என் நாள் ஓடுகிறது. நீ மட்டும் தனியாகப் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த நினைப்பு போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சரி, கோவில்பட்டியில் காலேஜ் முடிந்து வந்தாலும் சரி, தெருமுனையில் இருந்தே எம்மா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவாய். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சத்தம் என்னைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகும். அதை நினைத்துத்தான் வராதே என்றேன். ரெண்டு தடவை சொல்லிவிட்டேன், மூன்றாவது தடவை சொல்ல மாட்டேன். அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, மார்கழியோ தையோ, உனக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வா.

வயிறாரச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, குலசாமி உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றும். கடைசியாக ஒன்று மறந்துவிடாதே. அப்பா தாங்க மாட்டார் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடாதே. எப்போதும் போல தெருமுனையில் இருந்தே எம்மா என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு வா. நான் ம் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பெ. பெருமாள்சாமி.