மிளகாய் மில்லும் கருந்துளையும்

4 ஆகஸ்ட், திங்கள்

மாவட்ட அறிவியல் கருத்தரங்குக்குப் பள்ளியிலிருந்து ஒருவர்தான். பிரசாந்தின் தலைப்பு மழைநீர். என் தலைப்பு, கேலக்ஸிக் கூட்டங்களில் இரும்பு எப்படிப் பரவியது என்பது. "வகுப்புக்குப் புரியணுமே? வியாழக்கிழமை பேசிக் காட்டு. புரியலைன்னா பிரசாந்த்" என்றார் ரூபா மிஸ்.

நான் போயே ஆக வேண்டும்.

5 ஆகஸ்ட்

படிக்கப் படிக்க வியப்பு. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் கொண்ட கூட்டம். இடைவெளியெல்லாம் கோடி டிகிரிச் சூட்டில் வாயு. அந்த வாயுவிலும் இரும்பு. நடுக் கேலக்ஸியின் மையத்திலுள்ள கருந்துளைதான் அதை லட்சம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் தள்ளுகிறதாம். கேலக்ஸியோடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளி. புள்ளிக்கா இவ்வளவு பலம்?

6 ஆகஸ்ட்

மண்டி மொஹல்லாவில் அப்பா வேலை செய்யும் மிளகாய் மில்லுக்கு என் வகுப்புத் தோழி வைஷாலியும் வந்தாள். 'கருந்துளை இரும்பை உண்டாக்கி வீசுகிறது' என்று நான் எழுதியதைப் படித்தாள். சுவரில் தூளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தாள்.

"அல்ல கணே" என்றாள் கன்னடத்தில், 'இல்லடி' என்பதுபோல. "அந்த ஃபேன்லயா மெளகா காய்க்குது?"

வெட்கமாகிவிட்டது. இரும்பு நட்சத்திரங்களில் விளைகிறது. அவை வெடிக்கும்போது சிதறுகிறது. கருந்துளை வெறும் ஃபேன். இல்லை, 'வெறும்' என்று எப்படிச் சொல்வேன்?

அந்த வரியை அடித்துவிட்டேன். நாளைக்கு டேபிள் ஃபேன், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்.

7 ஆகஸ்ட்

ஐயோ, ஒரு சிட்டிகைன்னுதான் நெனச்சேன். ஃபேன் முன்னாடி கை நிறைய விழுந்துடுச்சு. கடைசி பெஞ்சில் பிரசாந்த் தும்மினான். அப்புறம் அந்த வரிசையே.

ஃபேனுக்குப் பக்கவாட்டில், சுவரோரமாக நின்றிருந்த மிஸ் கேட்டார்: "எனக்கு ஒண்ணுமே வரலையே? எல்லாப் பக்கமும் பரவும்னியே?"

வகுப்பே சிரித்தது. அப்போதுதான் மில் ஞாபகம் வந்தது — எதிர்க்கடை டெய்லர் மாரிசாமி நாள் முழுக்கத் தும்முவார். பக்கத்து டீக்கடைக்காரர் தும்மவே மாட்டார்.

"நான் சொன்னது தப்பு மிஸ். கருந்துளைகிட்டருந்து ரெண்டு பக்கமும் ஜெட் பீறிடும். அந்தத் திசையிலதான் இரும்பு ரொம்ப தூரம் போயிருக்கு. பக்கவாட்டுல கம்மி. டெலஸ்கோப்ல அப்படித்தான் பாத்திருக்காங்க."

"புரிஞ்சுது தாயே, ஃபேனை நிறுத்து" என்றான் பிரசாந்த், மூக்கைத் துடைத்தபடி.

மிஸ் ஜன்னலைத் திறந்தார்.

8 ஆகஸ்ட்

யார் போவது என்று மிஸ் இன்னும் அறிவிக்கவில்லை. கடைசி பெஞ்ச் என்னோடு பேசவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

மிஸ் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். என் தாள் அவர் மேசையில் இருந்தது.

"ஜெட் ரெண்டு பக்கம்னு சொன்னே. ஒரே ஃபேனை வெச்சுக்கிட்டு எப்படி? எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, கொண்டு வர்றேன்."

தாளை என்னிடம் நீட்டினார்.

"நடுவர்களைச் சுவரோரமா உக்கார வெச்சுடலாம்."