அவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், அம்மா

என் மல்லிகா அம்மாவுக்கு,

உன் வாயாடி மகள் செல்வி எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் உன் முகத்தில் விழித்துக்கொண்டிருந்தவளுக்கு எழுத என்ன இருந்தது? இப்போது சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. ஊர் என்னைப் பற்றி ஒரு மாதிரி பேசுகிறது. அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். என் பக்கத்து நியாயத்தை நீயும் கேள், அவர்களும் கேட்கட்டும்.

முதலில் கடை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கும் நம் ஜூஸ் கடையை மூடவில்லை. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னமும், "அக்கா, செருப்பையும் பையையும் கொஞ்சம் பாத்துக்கோங்க, மலைய சுத்திட்டு வந்துடறோம்" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு மாற்றம்தான் செய்திருக்கிறேன். பையைத் திறந்து காட்டிவிட்டு வைக்க வேண்டும். போன மாசம் ஒரு பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னப் பாத்தா எப்படிம்மா தெரியுது?" என்று சண்டைக்கு வந்தார். "நல்லவராதாங்க தெரியுது. என் பையா இருந்தாலும் தொறந்துதான் காட்டுவேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்து காட்டினார். உள்ளே இரண்டு வேட்டியும் ஒரு டப்பா புளியோதரையும் இருந்தன.

டோக்கன் இன்றைக்கும் கிடையாது. உன் முறைதான். எத்தனை பை வந்தாலும் முகத்தைப் பார்த்தே திருப்பிக் கொடுப்பாயே! "சட்டைய வச்சு அடையாளம் பாக்காதடி. பாதிப் பேர் சட்டையக் கழட்டி இடுப்புல கட்டிக்கினுதான் திரும்பி வருவானுங்க. மூக்கப் பாரு, பல்லப் பாரு" என்பாய். "இது கடையா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று நான் எத்தனை தடவை உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். காசிக்குப் போக வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. நம் பக்கத்து ஆட்களோடு சேர்ந்து கிளம்பினோம். வடக்கே ஒரு பெரிய ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தோம். இளவயசுக்காரன் ஒருவன் வந்தான். தோளில் இருந்த பையை உன் காலடியில் இறக்கினான். பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையைக் காட்டிச் சிரித்தான். அவன் பாஷை உனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சாடை தெரியாதா? நீயும் தலையாட்டிவிட்டு, பையை இன்னும் கொஞ்சம் உன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாய். அவன் போனதும், "அவனுக்கும் உன்ன மாதிரியே தெத்துப்பல்லுடி. சிரிச்சா லட்சணமாத்தான் இருக்குது" என்றாய். நான் உன்னை முறைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அந்தப் பைதான் வெடித்தது. உன்னோடு இன்னும் பலர் போனார்கள். எனக்கு இடது காது போயிற்று. தங்கள் கடவுளுக்காகச் செய்தோம் என்று ஒரு கும்பல் சொல்லிக்கொண்டது. எந்தக் கடவுள் அம்மா இதைக் கேட்டது?

அந்த ஊர்க்காரர்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுமை தூக்குகிறவர்கள் தள்ளுவண்டியில் இருந்த மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு, அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. யார் ரத்தம் யாருக்குப் போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒரு அம்மா வீட்டிலிருந்து சேலை எடுத்து வந்து எனக்குக் கட்டிவிட்டார். மறுநாளே அந்தப் பிளாட்பாரத்தைக் கழுவி ரயில் விட்டார்கள். என் அம்மா போய்விட்டாள், இவர்களுக்கு ரயில் கேட்கிறதா என்று அன்றைக்கு வயிறு எரிந்தது. எல்லாம் நின்றுபோக வேண்டும் என்றுதானே அவர்கள் வைத்தார்கள்? நிற்காமல் ஓடியது பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஒரு அதிகாரி வந்து போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். அதே தாடி, அதே புருவம், வாய் மூடியிருந்தது. "அந்த மாதிரிதாங்க இருக்குது" என்றேன். தெத்துப்பல்லைப் பற்றியும் சொன்னேன். உடன் வந்தவருக்குத் தமிழ் அரைகுறை. ஹிந்தியில் எழுதிய தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அதில் பல் என்ற பேச்சே இல்லை, "இவனேதான்" என்றுதான் இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மனு எழுத வருகிறவர்களிடம், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள் என்று ஓதியவள் நான்தான்.

ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உன் படம் போட்ட பெரிய பேனர். பழிக்குப் பழி என்று எழுதியிருந்தது. நாலு பேர் வீட்டுக்கு வந்து, "மேடையில ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா, கூட்டம் கொதிச்சிப் போயிடும்" என்றார்கள். பொய் சொல்ல மாட்டேன் அம்மா, எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. யாரையாவது எதையாவது செய்ய வேண்டும் போல் கை துறுதுறுவென்றது. பேசுகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நமக்கு ஐஸ் போடும் பாய் வரவில்லை. போன் போட்டேன். "ஏன் பாய் வரல? வெயிலு ஜாஸ்தியாயிடுச்சு, கடையில கூட்டம்" என்றேன். "வரலாமாம்மா?" என்று கேட்டார். இருபது வருஷமாக நம் கடைக்கு ஐஸ் போடும் மனுஷன் அப்படிக் கேட்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே பேனர்காரர்களிடம் பேச மாட்டேன் என்று சொல்லி, உன் படத்தையும் இறக்க வைத்தேன். இறக்கும்போது ஒருவன் முறைத்தான், நானும் முறைத்தேன்.

மூன்றாம் வருஷம் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். தம்பி குமாரும் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைப் பயிரை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், அப்படியே விட்டுவிட்டுத் துணைக்கு வந்தான். முதல் நாள் தமிழ் தெரிந்தவர் கிடைக்கவில்லை. அரைகுறையாக யாரையோ வைத்து முடித்துவிடலாம் என்றார்கள். ஜட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தம்மா சொல்வதில் ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று சொல்லி வழக்கை ஒத்திவைத்தார். மறுநாள் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நம்மை மாதிரி ஒரு ஜூஸ் கடைக்காரிக்காக ஒரு கோர்ட்டே ஒரு நாள் காத்திருந்தது அம்மா.

கூண்டில் நாலு பேர் நின்றார்கள். நாலாவது ஆள்தான் உன் காலடியில் பை வைத்தவன் என்பது வழக்கு. வெளியே குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கைய மட்டும் காட்டிடு. அதோட எல்லாம் முடிஞ்சிடும்" என்றான். அரசாங்க வக்கீலும் நல்ல மாதிரிதான். தாளில் இருப்பதைத்தானே சொல்லப் போகிறீர்கள் என்றார். எல்லோரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு எது ஞாபகம் வந்தது தெரியுமா? ஒரு சித்ரா பௌர்ணமியில் ஒருவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கத்திக் கத்தி, நான் மிரண்டுபோய் வேறு யாருடைய பையையோ கொடுத்துவிட்டேனே, அதுதான். நீ என்னை ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குத் துரத்தினாய். பையோடு திரும்பி வந்தபிறகும் உன் வாய் ஓயவில்லை. "ஒருத்தன் அவசரப்படுத்தினா அது அவன் பொருளா ஆயிடுமாடி?"

நான் ஜட்ஜைப் பார்த்து, "ஐயா, அவரக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த ரயில்வேப் பெண்ணே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு அப்புறம்தான் ஹிந்தியில் சொன்னார். ஏன் என்று ஜட்ஜ் கேட்டார். பௌர்ணமி, பை, டோக்கன் இல்லாதது, உன் கடைசிப் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த ஆளைச் சிரிக்கச் சொன்னார்கள். மூன்று வருஷம் ஜெயிலில் கிடந்தவன் எங்கே சிரிப்பான்? உதடு கோணிக்கொண்டு போயிற்று, கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. ஆனால் பல் தெரிந்தது. வரிசையான பல்.

"இவர் இல்லீங்க" என்றேன்.

பல்லைப் பிடுங்கியிருக்கலாமே என்று கேள்வி வந்தது. ஜட்ஜ் பல் டாக்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சொந்தப் பல், ஒன்றும் பிடுங்கவில்லை, திருத்தவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் இறங்கி வரும்போது அந்த ஆள் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் திருப்பிக் கும்பிடவில்லை. அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கை எழவில்லை.

குமார் ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. பெத்த தாயைக் கொன்றவனை விட்டுவிட்டு வந்தவள் என்று கடை வாசலிலேயே நின்று பேசினார்கள். நானும் விடவில்லை. "உங்கள்ல யாரு அவன் மூஞ்சியப் பாத்தீங்க? நான்தான பாத்தேன்?" என்று கத்தினேன். அப்புறம் உள்ளே போய் உன் போட்டோ முன்னால் உட்கார்ந்து அழுதேன். நான் செய்தது சரியா அம்மா என்று கேட்டேன்.

தீர்ப்பு வந்தது. மூன்று பேருக்கு வேறு சாட்சியங்களை வைத்துத் தண்டனை கிடைத்தது. நாலாவது ஆளை விட்டுவிட்டார்கள். கொன்றவர்கள் தப்பிக்கவும் இல்லை, கொல்லாதவர் மாட்டிக்கொள்ளவும் இல்லை. தீர்ப்பில் என் பேரை எழுதி, இந்தச் சாட்சியின் வார்த்தையை நம்புகிறேன் என்று ஜட்ஜ் சொல்லியிருக்கிறார். குமார் அதை யாரிடமோ கொடுத்துத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டானாம். மறுநாள் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொண்டு வந்து கடையில் இறக்கினான். என் முகத்தைப் பார்க்காமலேயே, "அம்மா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருக்கும்" என்றான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன்னை நினைத்து, என்னை நினைத்து, இத்தனை கோபத்திலும் ஒருவனைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்த இந்த நாட்டை நினைத்து.

இப்போது முக்கியமான சேதி. பை வைத்தவன் பிடிபட்டுவிட்டான் என்கிறார்கள். நேற்று சம்மன் வந்தது. வியாழக்கிழமை நானும் குமாரும் கிளம்புகிறோம். பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் முகம் மாறியிருக்காதா? அவனேதான் என்றால் நான் கூண்டுக்கு வெளியே சும்மா நிற்பேனா?

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவன்தான் என்றால் அவன்தான் என்பேன். இல்லையென்றால், ஊரே வாசலில் வந்து நின்றாலும் இன்னொரு தடவை இல்லை என்பேன். அவனுக்கும் வக்கீல் கொடுத்திருக்கிறார்களாம். கொடுக்கட்டும் அம்மா. அவன் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொன்றான். நாம் அவன் சொல்வதைக் கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டுத்தான் தண்டிப்போம்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
செல்வி
அடி அண்ணாமலை