ஸ்ரீமதியின் ஜோடி அட்டைகள்

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகன் சிலம்பரசனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி ஸ்ரீமதியும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டி சிங்கப்பூரில் இருக்கிற நீயும் அதேபோல இருக்க வேண்டும் என்று தில்லைக் காளியிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் ஸ்ரீமதி பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. உன் கூட்டாளி அப்துல்லா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறான், ஏதாவது கொடுத்து அனுப்புவதென்றால் கொடுங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டான், அதனால் பண்ருட்டி முந்திரியோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுக்கிறேன். ஸ்ரீமதிக்குத் தெரியாமல் எழுதவில்லை தம்பி, கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுதும்மா, நானா சொன்னா அழுதுடுவேன். ஆனா எழுதறத முழுசா எழுது, பாதிய மறைக்காத” என்றாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவள் வேலை முடிந்து கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மாடு குறுக்கே வந்ததில் கீழே விழுந்ததும், தலையில் அடிபட்டதும், நீ அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததும் நான் சொல்ல வேண்டியதில்லை. தையல் பிரித்து, இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நீ நிம்மதியாக விமானம் ஏறினாய். அதற்கப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டாள், கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும் என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். ஏன் விட்டாள் என்று சொல்லவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரஃபியுதீன் பாய் மெடிக்கலில் அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேகத்தை நீயே பார்த்திருக்கிறாய், சீட்டை ஒரு தரம் பார்ப்பாள், அலமாரிக்குப் போவாள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவாள். அடிபட்டுத் திரும்பப் போன பிறகு சீட்டைப் பார்த்துவிட்டு அலமாரி வரைக்கும் போவாளாம், அங்கே போய் நின்றதும் எதற்கு வந்தோம் என்பதே மனசில் இருக்காதாம். திரும்ப வந்து சீட்டைப் பார்ப்பாள், திரும்பப் போவாள். வாசலில் கூட்டம் சத்தம் போடும். அப்படி ஒரு நாள் பதற்றத்தில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாகப் பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற வேறு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டாள். பில் போடும்போது பாய் பார்த்து மாற்றிவிட்டார். “ஒண்ணும் ஆவலம்மா, மாத்திட்டேன், நீ போய் தண்ணி குடி” என்றுதான் சொன்னாராம், வேறு யாராக இருந்தாலும் பத்துப் பேர் முன்னாடி கத்தியிருப்பார்கள். ஆனால் இவள் தண்ணீர் குடிக்கப் போனவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அன்றைக்கு வந்து படுத்தவள்தான். குளிக்கச் சொன்னால் குளிப்பாள், தட்டை வைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுவாள், வாசலுக்கு மட்டும் வர மாட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தால் நான் ஒன்றும் சொல்லாமல் துடைப்பேன், அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் அழுகை வரும். “எனக்கு மூள செத்துப்போச்சும்மா, இனிமே நான் எதுக்கும் ஆவ மாட்டேன்” என்று சொன்ன அன்றிலிருந்து அவளைத் தனியாக விட்டு ரேஷன் கடைக்குக்கூட நான் போகவில்லை. மங்கலம்பேட்டைக்காரர்கள் வேறு அந்த நேரம் பார்த்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று பேசி வைத்த சம்பந்தத்தை நிறுத்தினார்கள். ஜாதகமாவது ஒன்றாவது, தலையில் அடி என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீ பாசத்தில் அவள் போனில் ஞாபகசக்தி விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா, அது ஒவ்வொரு தரமும் மார்க் போட்டு, நேற்றைவிட இன்று குறைவு என்று காட்டிற்று. அதைப் பார்த்துவிட்டு அவள் போனையே அணைத்து வைத்தாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர்தான், தலையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் கடலூரில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சமீரா என்று பேர், ஸ்ரீமதியைவிட நாலைந்து வயது மூத்தவள்தான் இருப்பாள், சிரித்த முகம். அவள் ஒரு கட்டு அட்டையை மேஜையில் கவிழ்த்துப் பரப்பினாள். ஒவ்வொரு படமும் ரெண்டு அட்டையில் இருக்கும், ஒரு தரத்துக்கு ரெண்டை மட்டும் திருப்பிப் பார்க்கலாம், ஒரே படமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று மனசில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட வேண்டும். இதை ஆடினால் பழைய ஞாபகம் எல்லாம் வந்துவிடுமா என்று நான் ஆசையாகக் கேட்டேன். “அப்டி பொய் சொல்ல மாட்டேம்மா. இத ஆட ஆட இந்த ஆட்டம் நல்லா வரும், மத்த ஞாபகம் எவ்ளோ வருதுன்னு போவப் போவத்தான் தெரியும். நான் குடுக்கிறது வேற ஒண்ணுக்காக. தப்பாயிடுச்சுன்னா எழுந்து ஓடாம அங்கியே உக்காந்திருக்க இவுங்களுக்குப் பழகணும். இதுல தப்பு வந்துகிட்டேதான் இருக்கும், ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆவாது” என்றாள். எனக்கு அப்போது அது சரியாக விளங்கவில்லை, ஸ்ரீமதி மட்டும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் கோபம். ரிட்டையர் ஆன கண்டக்டர் பெற்ற பெண்ணோடு உட்கார்ந்து சீட்டாடுகிறான் என்று தெருவில் பேச மாட்டார்களா என்றார். நான் அட்டையில் இருந்த மாம்பழத்தையும் குடையையும் காட்டி, இதை வைத்து யார் சூதாடுவார்கள் என்று கேட்ட பிறகு ஒருவழியாக உட்கார்ந்தார். முதலில் ஆடினதெல்லாம் ஆட்டமே இல்லை தம்பி. ரெண்டு மூன்று தப்பு வந்தால் அவள் அட்டையைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள், நான் பீரோவுக்கு அடியில் கையை விட்டுப் பொறுக்குவேன். பிறகு திடீரென்று அவள் பக்கம் ஜோடி ஜோடியாகச் சேர ஆரம்பித்தது, நானும் பிள்ளைக்குத் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு அப்பா குடையைத் திருப்பினார், அதன் ஜோடி எங்கே இருக்கிறது என்று சற்று முன்புதான் மூன்று பேரும் பார்த்தோம், அவரோ வேண்டுமென்றே வேறு அட்டையைத் தொட்டார். ஸ்ரீமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பஸ்ஸு முழுக்க ஆள் இருந்தாலும் யாரு டிக்கெட் வாங்கல, யாருக்கு சில்லற பாக்கின்னு மறக்காத ஆளு நீங்க. இந்தக் கொட எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? என்னப் பாத்து பாவப்பட்டு தோக்கறீங்களாப்பா?” என்று கேட்டாள். அப்பா தோட்டத்துப் பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம் கழுவினார். அவள் அழவில்லை. அட்டையையும் கலைக்கவில்லை. நானே எதிர்பார்க்கவில்லை, திரும்பி வந்த அப்பாவைப் பார்த்து, “உக்காருங்க. இனிமே நெசமா ஆடுங்க” என்றாள்.

அதற்கப்புறம் அவர் நிஜமாகவே ஆடினார், எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் தோற்றாள். எழுந்து போய்விடுவாள் என்று நான் நினைப்பேன், அவள் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டு “அடுத்தது போடுங்க” என்பாள். சமீரா சொல்லிக் கொடுத்தபடி படத்தையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள், மாம்பழம் ஜன்னல் பக்கம், பூட்டு அப்பா முட்டிகிட்ட என்று. தப்பாக எடுத்தால் தலையில் அடித்துக்கொள்ளாமல் “இது இல்ல” என்று மட்டும் சொல்லிக் கவிழ்க்க வேண்டும் என்பது சமீரா வைத்த சட்டம், அதை அப்பாவும் நானும்கூடப் பிடித்துக்கொண்டோம், நான் ரசத்தில் உப்பை மறுபடி போட்டபோது அப்பா தட்டைப் பார்த்து “இது இல்ல” என்றார். பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் அவள் ஜெயித்தாள். நல்ல ஜெயிப்பு, அப்பாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் தொடையில் அடித்துக்கொண்டு, வெளிச்சம் கண்ணில் பட்டது, இது செல்லாது, மறுபடி போடு என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். அதைப் பார்த்து அவள் சிரித்தாள் பாரு, மழையில் அடிபட்ட நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. நான் அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து அவளே ஒன்று செய்தாள். ரஃபியுதீன் பாய்க்குப் போன் போட்டு, காலியான மருந்து அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொன்னாள். அவர் ஒரு மூட்டையே பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அதில் பேர் ஒரே மாதிரி இருக்கிற மருந்துகளாகப் பார்த்துப் பொறுக்கி வெட்டி ஜோடி சேர்த்து ஒரு புதுக் கட்டு செய்தாள், எந்தத் தப்பில் வேலையை விட்டு வந்தாளோ அந்த மாத்திரைப் பெட்டியையும் சேர்த்துத்தான். முதல் தரம் அது கையில் வந்தபோது அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கவிழ்க்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் பேரெல்லாம் வாயில் நுழையவில்லை, அந்தக் கட்டில் அவர் இன்றைக்கு வரைக்கும் தோல்விதான்.

சித்திரை பிறந்ததும் பாயிடம் பேசி, கூட்டம் ஜாஸ்தி இல்லாத நேரமாகப் பார்த்துக் காலையில் மட்டும் கடைக்குப் போக ஆரம்பித்தாள். போன வாரம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள், எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அதை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிவிட்டேன். கடைக்கு எதிர்ப்புறம் நின்று பார்க்கிறேன், ஒரு ஆள் சீட்டை நீட்டிக்கொண்டு, என்னம்மா தேய்க்கிற, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கத்துகிறான். ஸ்ரீமதி அலமாரியிலிருந்து எடுத்ததைச் சீட்டோடு வைத்துப் பார்த்தாள், உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தாள். “அண்ணே, எனக்குத் தலையில அடிபட்டிருக்கு, ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துதான் குடுப்பேன். அவசரம்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கோங்க, நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்” என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை தம்பி. அந்த ஆள் வாங்கும் வரைக்கும் நின்று, “பாத்தே குடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் டப்பாவைப் பாயிடம் கொடுத்துவிட்டு அவளைக் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. இன்னமும் பாலை மறக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி பேர் சில சமயம் வராது, சாயங்காலமானால் தலைவலி. சமீராவும் அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். ஆனால் மறந்தால் மறந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறாள், படுத்துக்கொள்வதில்லை. மங்கலம்பேட்டைக்காரர்கள் தரகரை அனுப்பி, பொண்ணுக்கு இப்ப ஞாபகம் எல்லாம் சரியா இருக்கா என்று விசாரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் உள்ளேயிருந்து, “அவுங்கள மறந்துட்டேன்னு சொல்லிடும்மா” என்றாள். தரகரே சிரித்துவிட்டார்.

நீ போன் செய்யும்போது நேற்று நான் என்ன சொன்னேன் சொல்லு பார்ப்போம் என்று அவளைக் கேட்பது பாசத்தில்தான், ஆனாலும் இனிமேல் கேட்காதே ராஜா. என்ன சாப்பிட்டாய், கடையில் என்ன கூத்து என்று கேளு, அவளே பேசுவாள். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ சூப்பர்வைசர் பரீட்சையில் தவறிவிட்டாய், அதிலிருந்து ரூமில் யாரோடும் பேசாமல் சாப்பாட்டைக்கூடத் தனியாக வைத்துச் சாப்பிடுகிறாய் என்று அப்துல்லா மனசு கேட்காமல் சொன்னான், அவன் மேல் கோபப்படாதே. எங்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவோம் என்று நீ மறைத்திருப்பாய். வருத்தம்தான், பரீட்சைக்காக இல்லை, அதை நீ தனியாகச் சுமந்துகொண்டு இருக்கிறாயே என்றுதான். அதற்காகத்தான் ஸ்ரீமதி எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். உனக்கென்று உட்கார்ந்து ஒரு கட்டு அட்டை வெட்டி முந்திரிப் பையில் வைத்திருக்கிறாள், ரூமில் இருக்கிற பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடு. வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி. காளியம்மா உன் கூடவே இருந்து காப்பாற்றுவாள், நீ நன்றாக இருப்பாய். போன் செய்யும்போது ஜெயித்த ஆட்டத்தை அப்பாவிடம் சொல்லு, தோற்ற ஆட்டத்தை ஸ்ரீமதியிடம் சொல்லு, அவள் கேட்பதற்குக் காத்திருக்கிறாள்.

உன்னைப் பெற்றவள்,
விருத்தாம்பாள்